போன்களுக்கு ஒரு பெரட்டு

எங்கள் அப்பா அம்மா வீட்டில் கைப்பேசி சமையலறைச் சுவரில் ஓர் ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கும். பித்தான் வைத்த பழைய போன். எங்கேயாவது வைத்துவிட்டுத் தேடக்கூடாது என்று அம்மா அதற்குக் கயிறு கட்டி மாட்டியிருந்தார். மணி அடித்தால் பக்கத்தில் இருப்பவர் எடுப்பார். அப்பாவும் எடுப்பார், அதில் குறை சொல்ல முடியாது. எடுத்து, பச்சைப் பித்தானை அமுக்கி, காதில் வைக்காமலேயே கையை நீட்டுவார்.

"இந்தா, பேசு."

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து வாங்குவார். கிளினிக்கிலிருந்து அப்பாவின் கண்ணைப் பற்றி விசாரித்தாலும் அம்மாதான் பதில் சொல்வார். கண்ணுக்குச் சொந்தக்காரர் பக்கத்தில் நின்று தலையாட்டுவார். நான் அம்பாங்கானிலிருந்து வாரம் தவறாமல் கூப்பிடுகிறேன். அப்பாவின் குரலைப் போனில் கேட்டது என்றால் அந்த "இந்தா, பேசு" மட்டும்தான்.

இப்படிப்பட்ட மனிதர்தான், போன் வாங்கும் பொறுப்பைத் தானே எடுத்துக்கொள்வதாகப் போன வருடம் அறிவித்தார்.

விஷயம் இதுதான். என் தங்கை கோலாலம்பூரில் வேலை பார்த்த இடத்தில் திருச்சிக்காரர் ஒருவரைப் பார்த்துப் பிடித்துப்போய்க் கட்டிக்கொண்டாள். இப்போது திருச்சியில் இருக்கிறாள். முதல் பிரசவம். மாமியார் இல்லாத வீடு. அதனால் அம்மாவே போய் இருந்து, பிள்ளை பிறந்து, அவள் உடம்பு தேறும்வரை பார்த்துக்கொண்டு வருவது என்று முடிவானது. சில மாதங்கள் ஆகும். அப்பா துணைக்குப் போகமாட்டார். ஆகாயக் கப்பல் அவருக்கு ஆகாது. கோழிகளை யார் பார்ப்பது என்று காரணம் சொன்னார். கோழி இருந்தது நான்கோ ஐந்தோதான்.

கல்யாணமான நாளிலிருந்து அவர்கள் ஒருநாள்கூடப் பிரிந்து இருந்ததில்லை. அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அப்பா அதற்குப் பதிலாகப் போனைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

"நல்ல போனா இருக்கணும். பாதியில நின்னுரக் கூடாது. ஊருல போயி ரிப்பேர்னா அங்க பாக்க ஆள் இருக்கணும்."

"பாத்து வாங்கிருவோம்பா. நான் ஆன்லைன்ல ஆர்டர் போட்டுறேன்," என்றேன்.

"பாக்காம எப்படி வாங்குறது? ஆட்டையே தடவிப் பாத்துத்தான் வாங்குறோம்."

கல்யாணத்தைப் பண்ணிப் பார், வீட்டைக் கட்டிப் பார் என்பார்கள். அப்பாவோடு கைப்பேசி வாங்கப் போய்ப் பார் என்று மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். லுக்குட்டில் ஒரு பாய் போன் கடை வைத்திருக்கிறார். சனிக்கிழமை நான் காடியில் வந்து அப்பாவை ஏற்றிக்கொண்டு போனேன். கண்ணாடிப் பெட்டிக்குள் வரிசை வரிசையாகப் போன்கள். அப்பா எல்லாவற்றையும் வெளியே எடுக்கச் சொல்லி, ஒவ்வொன்றாக உள்ளங்கையில் வைத்துக் கனம் பார்த்தார். பிறகு கேள்விகளை ஆரம்பித்தார். மழையில் நனைந்தால் என்ன ஆகும்? அரிசி மூட்டை மேலே விழுந்தால்? பேட்டரி காலையில் ஏற்றினால் ராத்திரிவரை தாங்குமா? ஊரில் கரண்டு போனால்?

பாய் நல்ல மனிதர். முகம் சுளிக்காமல் சொன்னார். "இது பேட்டரி பெரிசு அண்ணே, ஆனா கனம். இது படம் அழகா வரும், பேட்டரி சுமார். இது வெல ஒஸ்தி, வருசக்கணக்குல உழைக்கும், ஆனா கீழ போட்டு ஒடச்சீங்கன்னா ரிப்பேருக்கே இன்னொரு போன் வாங்கிரலாம். இது சீப்பு. வயசானவங்களுக்கு எழுத்து பெரிசா தெரியும்."

"எது நல்லது?"

"எல்லாம் நல்லதுதான் அண்ணே. யாருக்குன்னு சொல்லுங்க."

அப்பா யாருக்கு என்று சொல்லவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார். "எங்கம்மாவுக்கு, இந்தியா போறாங்க," என்று நான்தான் சொன்னேன். உடனே பாய் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். இங்கே வாங்கினால் கேரண்டி இங்கேதான், அங்கே பார்ப்பார்களா என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், விசாரித்துக்கொள்ளுங்கள் என்றார். அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வைக்கு, ஆன்லைனில் ஆர்டர் போட்டிருந்தால் தெரிந்திருக்குமா என்று அர்த்தம்.

போன் வாங்காமலேயே திரும்பினோம். அடுத்த வாரமும் அப்படியே. தங்கையைக் கூப்பிட்டால் அவள் அங்கேயே வாங்கச் சொன்னாள். அங்கே விலை சரசம், இங்கேயைவிடக் குறைவு, எல்லாக் கம்பெனியும் கிடைக்கும், வீட்டுக்கே கொண்டுவந்து கொடுப்பார்கள் என்றாள். அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. வழியில் என்ன செய்வது? ஆகாயக் கப்பல் இறங்கியதும் அம்மா யாரிடம் போன் கேட்டு நிற்பார்? இங்கிருந்து போகும்போதே கையில் இருக்க வேண்டும் என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்ததால் எனக்கு இன்னும் கோபம் வந்தது.

அதற்குள் வீட்டில் எல்லாரும் ஆளுக்கொரு கம்பெனிக்கு வக்கீல் ஆகிவிட்டார்கள். கம்பெனிகளின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எங்கள் பக்கம் கம்பெனி பெயர் சொல்லும் வழக்கமும் இல்லை. யார் கையில் இருக்கிறதோ அவர்தான் அந்தப் போனுக்குப் பெயர். அதனால் எங்கள் முன் நின்றவை நான்கு: தம்பி போன், எதிர்வீட்டு அக்கா போன், என் வீட்டுக்காரர் போன், என் போன். செரம்பானில் வேலை பார்க்கும் தம்பியின் போன்தான் நான்கில் விலை கூடியது. அதை அவன் மேசையில் வைப்பதே ஒரு தினுசாக இருக்கும். எதிர்வீட்டு அக்காவின் போன் மூன்று முறை வாளித் தண்ணீரில் விழுந்து எழுந்தது என்று அக்கா பெருமையாகச் சொல்வார். என் வீட்டுக்காரர் லோரி ஓட்டுகிறவர். அவருடைய போனில் பேட்டரி இரண்டு நாள் நிற்கும். என் போனுக்கு அப்படித் தனிச் சிறப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அது என்னுடையது, விட்டுக்கொடுக்க முடியுமா?

"பேசிக்கிட்டே இருந்தா ஆகாது," என்றார் அப்பா. "நாயித்துக்கெழம காலையில எல்லாத்தையும் கொண்டாங்க. பெரட்டு வச்சிப் பாத்துருவோம்."

வெளியாட்களுக்காகச் சொல்கிறேன். ரப்பர் தோட்டத்தில் விடியும் முன் ஆட்களை வரிசையில் நிறுத்தி, பெயர் கூப்பிட்டு, வந்தவர் வராதவர் பார்த்து வேலைக்கு அனுப்புவதுதான் பெரட்டு. அப்பா ஓய்வு பெறும்வரை மண்டோராக, அதாவது கங்காணியாக இருந்தவர். அந்தக் குரலுக்குப் பால்மரங்கள்கூட நிமிர்ந்து நிற்கும் என்று அம்மா சொல்வார். அம்மாவும் அந்தப் பெரட்டில் நின்றவர்தான். கல்யாணத்துக்கு முன்பும் பின்பும் தினமும் காலையில் எல்லார் பெயரோடும் அம்மா பெயரையும் அப்பா சத்தமாகக் கூப்பிடுவார். அம்மா, "வந்திருக்கேங்கய்யா," என்பார். வீட்டுக்குள் வந்துவிட்டால் அந்தப் பெயர் அப்பா வாயில் வராது. தொண்டையைச் செருமுவார், அம்மா திரும்பிப் பார்ப்பார், அவ்வளவுதான். பால்மரங்களை அழித்து எண்ணெய்க்குச் செம்பனை போட்டபோது அம்மா வேலையை விட்டார். அதன்பிறகு அப்பா அந்தப் பெயரைச் சொல்லி நாங்கள் யாரும் கேட்டதில்லை.

ஞாயிறு காலை, வாசலில் ஒரு பெஞ்சு. அதன்மேல் நான்கு போன்கள் வரிசையாக. அப்பா பழைய காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. தம்பியை வீட்டுப் பித்தான் போனோடு செம்பனைக் காட்டுக்குள் பள்ளத்துப் பக்கம் அனுப்பினார். அங்கேயிருந்து அவன் ஒவ்வொன்றாகக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டதும் மணி அடித்தால் வந்தது, அடிக்காவிட்டால் வரவில்லை. அப்பா ஒவ்வொரு போன் முன்னும் நின்று சத்தம் போட்டார்.

"எதுத்தூட்டு அக்கா!"

அக்காவின் போன் பெஞ்சே அதிரும்படி அலறியது. அக்கா கைதட்டினார்.

"மருமவன்!"

என் வீட்டுக்காரரின் போன் கொஞ்சம் யோசித்துவிட்டு அடித்தது.

"பெரியவ!"

அது என் போன். அடிக்கவே இல்லை. எனக்கு முகம் சுருங்கிப் போயிற்று.

"மவன்!"

தம்பியின் விலை உயர்ந்த போனும் வாயைத் திறக்கவில்லை. அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். பெரட்டில் ஆள் குறைந்தால் மண்டோருக்குத் திட்டுவதற்கு வாய்ப்புக் கிடைக்கும். "வெலய மட்டும் ஏத்தி வச்சிருக்கான், வேலைக்கு வரமாட்டேங்கிறான்," என்றார். காட்டிலிருந்து ஓடிவந்த தம்பி போனை எடுத்துப் பார்த்தான். சத்தத்தை அவனே அணைத்து வைத்திருந்தான்.

"ஆபீஸ்ல சைலண்ட்ல போட்டதுப்பா, மறந்துட்டேன் லா!"

"வராத ஆளு ஆயிரம் சொல்லுவான்," என்றார் அப்பா. வாழ்நாள் முழுக்கக் கேட்ட சாக்கு அது.

எனக்குத் தோல்வி பொறுக்கவில்லை. நான் சுங்கை காடுட்டில் ஒரு தொழிற்சாலையில், செய்த பொருளைச் சோதிக்கும் பிரிவில் இருக்கிறேன். நான்கு போனிலும் நான்கு கம்பெனி சிம், ஒன்றுக்கு இந்தப் பக்கம் லைன் கிடைக்கும், ஒன்றுக்குக் கிடைக்காது, இதில் போனை எப்படிக் குற்றம் சொல்வது என்று அப்பாவிடம் சண்டைக்குப் போனேன். எதிர்வீட்டு அக்காவின் சிம்மைக் கழற்றி ஒவ்வொரு போனிலும் மாற்றி மாற்றிப் போடுங்கள், எல்லாருக்கும் ஒரே சத்தம் வையுங்கள், அதுதான் சோதனை என்றேன். அப்பா யோசித்தார். எல்லா ஆளுக்கும் பால் வெட்ட ஒரே அளவு காடு பிரித்துக் கொடுத்தவர் அல்லவா, ஒத்துக்கொண்டார்.

தம்பி மறுபடியும் பள்ளத்துக்குள் இறங்கினான். கொசு கடிக்கிறது என்று அங்கிருந்து கத்தினான். நான் சிம் மாற்றினேன். நான்கு போனும் அடித்தன. ஒன்று முந்தவும் இல்லை, ஒன்று பிந்தவும் இல்லை.

அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. எல்லாரும் வேலைக்கு வந்துவிட்டால் அன்றைக்கு மண்டோர் யாரைத் திட்டுவது? பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து, "எல்லாம் வந்துருச்சு," என்றார் ஏமாற்றத்தோடு. கதவில் சாய்ந்து இவ்வளவையும் பார்த்துக்கொண்டிருந்த அம்மா, புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

"எந்த போனா இருந்தா என்னங்க? பேசுறது நான்தானே. பசியாற வாங்க, தோசை ஆறுது."

அதன்பிறகு காரியம் சுலபமாகிவிட்டது. எல்லாமே நன்றாக அடிக்கும் என்றால், கெட்டுப்போனால் யார் பார்ப்பார்கள் என்பதுதான் கேள்வி. தங்கை நிறைமாத வயிற்றோடு ஆட்டோ பிடித்து, திருச்சியில் ஒவ்வொரு கம்பெனி ரிப்பேர்க் கடையாக ஏறி விசாரித்தாள். ஒரு கம்பெனி மட்டும், மலேசியாவில் வாங்கியதைக் கொண்டுவாருங்கள், பார்த்துத் தருகிறோம் என்றது. அந்தக் கடையும் அவள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான். அது எங்கள் நால்வர் கம்பெனியும் இல்லை! அவ்வளவு சண்டையும் போட்டுவிட்டு, யாரும் வக்காலத்து வாங்காத ஒன்றை லுக்குட் பாயிடமே வாங்கினோம். பெரிய எழுத்து, நடுத்தரப் பேட்டரி, நீல நிறம். மோட்டாருக்குப் பூசை போடுவதுபோல அதையும் அப்பா தோட்டத்து முனியாண்டி கோயிலுக்குக் கொண்டுபோனார். பூசாரி அதன் முகத்தில் கெட்டியாகச் சந்தனம் வைத்துவிட்டார். முன்பக்கக் கேமராவுக்குள் போன சந்தனத்தை நான் வீட்டில் பஞ்சை வைத்துத் துடைத்து எடுத்தேன். அதற்குப் பிறகும் அதில் அம்மாவின் முகம் கொஞ்சம் மஞ்சளாகவே தெரிந்தது. மங்களகரமாக இருக்கிறது, விட்டுவிடு என்றார் அம்மா.

அம்மா ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டார். படத்தோடு பேசுவது, குரலை அனுப்புவது, பக்கத்து வீட்டுக் கத்தரிக்காயைப் படம் எடுத்து எனக்கு அனுப்புவது எல்லாம் வந்துவிட்டன. அப்பா எட்டி நின்று, "சார்ஜ் இருக்கா பாரு," என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

விமான நிலையத்திலும் அதையேதான் சொன்னார். அம்மா உள்ளே போகும் வாசலில் நின்று எங்கள் எல்லாரையும் தடவிக் கொடுத்துவிட்டு, அப்பா முன்னால் வந்து நின்றார். அப்பா தொண்டையைச் செருமினார். "சார்ஜ் இருக்குதுங்க," என்றார் அம்மா. போய்விட்டார்.

திரும்பி வரும் வழியில் காடியை நான்தான் ஓட்டினேன். செனாவாங் தாண்டும்போதுதான் எனக்குப் பகீரென்றது. இத்தனை வாரம் நாய்படாத பாடு பட்டுத் தேடியது அந்தப் பக்கத்துப் போனை. இந்தப் பக்கம்? ஆணியில் தொங்கும் அந்தப் பித்தான் போனில் முகம் தெரியாது. முகம் கிடக்கட்டும், அதை வாங்கிப் பேசுவது யார்? போன் அடித்தால் அப்பா எடுப்பார், கையை நீட்டுவார். யாரிடம்? வீட்டில் இத்தனை பேர் கூடி, பெரட்டு வைத்து, சிம் மாற்றி, சந்தனம் பூசி, இதை மட்டும் யாரும் யோசிக்கவில்லை. சோதனைப் பிரிவில் வேலை பார்க்கும் நானும் யோசிக்கவில்லை. அப்பாவைக் கண்ணாடியில் பார்த்தேன். சன்னல் வழியாகச் செம்பனைகளைப் பார்த்துக்கொண்டு வந்தார். வீட்டுச் சத்தம் எல்லாம் அம்மாவோடு ஏறிப்போய்விட்டது போலிருந்தது. எனக்குப் பாவமாக இருந்தது. பயமாகவும் இருந்தது.

நான் அன்று அங்கேயே தங்கினேன். பெரட்டில் வராமல் மானத்தை வாங்கிய என் போனையே அப்பாவுக்குக் கொடுத்தேன். எதிர்வீட்டு அக்காவின் கம்பெனி சிம் ஒன்றைப் போட்டு, நம்பரைத் தங்கைக்கு அனுப்பிவிட்டுத்தான் கொடுத்தேன். பச்சை வட்டத்தை இழுத்துவிட வேண்டும் என்று காட்டினேன். அப்பா இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். சாப்பாட்டு மேசையில் மைலோ டின்னுக்குச் சாய்த்து அதை நிற்க வைத்தோம். அதற்கு எதிரே அப்பா நாற்காலி போட்டு உட்கார்ந்தார். தோட்டத்து ஆபீஸ் கிராணி கூப்பிட்டு அனுப்பினால் எப்படி உட்காருவாரோ அப்படி, முதுகு நாற்காலியில் படாமல்.

மறுநாள் நாங்கள் விளக்கு வைத்த நேரம் போன் அடித்தது. தம்பியும் வந்திருந்தான். அப்பா பச்சை வட்டத்தைச் சரியாக இழுத்தார். திரையில் அம்மாவின் முகம் வந்தது. பின்னால் இன்னும் இறங்காத திருச்சி வெயில், கொடியில் துணி, லேசாக அதே சந்தன மஞ்சள். அப்பா அதைப் பார்க்கவே இல்லை. போனைக் கையில் எடுத்தார், எழுந்தார், சமையலறைப் பக்கம் திரும்பிக் கையை நீட்டினார்.

"இந்தா, பேசு."

சமையலறையில் யாரும் இல்லை. கழுவிக் கவிழ்த்த சட்டியும், ஆணியில் தொங்கும் பித்தான் போனும்தான் இருந்தன. அப்பாவின் கை நீட்டியபடியே நின்றது. தம்பி தரையைப் பார்த்தான். நான் எழுந்து போய் வாங்கிவிடலாமா என்று நினைத்தேன்.

போனுக்குள்ளிருந்து அம்மாவின் குரல் வந்தது. "யார்கிட்டங்க நீட்டுறீங்க? நான்தான் இங்க இருக்கேன்ல?"

அப்பா கையை மடக்கித் திரையைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"செருமுனா இங்க வெளங்காது. பக்கத்துல ஆட்டோ போவுது. பேசுங்க."

அப்பா மறுபடியும் செருமினார். பிறகு நிமிர்ந்தார். தோள் இரண்டையும் பின்னுக்குத் தள்ளி, போனைக் கை நீளத்துக்குத் தூக்கிப் பிடித்து, எதிர்வீட்டு அக்கா கதவைத் திறந்து எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாக, அம்மாவின் பெயரைக் கூப்பிட்டார். முழுப் பெயர், அப்பன் பெயரோடு சேர்த்து, அந்தக் காலத்துப் பெரட்டில் கூப்பிட்டது போலவே. அந்தப் பெயரை நான் இங்கே எழுதமாட்டேன். அது அவர் கூப்பிட வேண்டியது.

திரையில் அம்மா புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். பிறகு அம்மா புடவைத் தலைப்பை வாயிலிருந்து எடுத்தார்.

"வந்திருக்கேங்கய்யா."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. தம்பி மூக்கை உறிஞ்சினான். அப்பா எங்கள் பக்கம் திரும்பவில்லை. போனை மைலோ டின்னில் சாய்த்துவிட்டு, நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு, இந்த முறை முதுகைச் சாய்த்து உட்கார்ந்தார்.

"நல்ல போனு லா இது," என்றார்.